ஓய்வுநாள் பள்ளி, வெள்ளி காலை, ஏழாம் அறை

ஒன்பதே கால் முதல் பத்து மணி வரை
ஏழாம் அறை எங்களுக்கு.
முன்னால் மலையாளம், பின்னால் தெலுங்கு.
பலகையில் யாரோ அழிக்க மறந்த பாதி ஆதாம்
சில வாரம் எங்களுக்கும் உதவுவார்.

மற்ற நாளெல்லாம் ரத்தம் பார்ப்பவள் நான்,
ரூவியில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்.
குழாய்க்குக் குழாய் பெயர் ஒட்டி
சந்தேகத்தை உறுதிசெய்வது தொழில்.
அந்தப் பழக்கத்தில்
பிள்ளைகளுக்கான யோசனைகளுக்கும் ஒரு நோட்டு:
தேதி, மாதிரி, முடிவு.

முதல் சோதனை எப்போதும் வீட்டில்.
திமிர்வாதக்காரனாய்ப் படுக்கை விரிப்பில் கிடக்க
ஜெபசிங்கை விட்டால் ஆளில்லை.
நாலு முனையையும் நானே தூக்கினேன்.
அரை அடி எழும்பினார்,
என் முதுகு பிடித்துக்கொண்டது.
எழுதிவைத்தேன்: ஆள் குறைவு. கூரையும் இல்லை.

உப்புப் பாடத்துக்கு
உப்பில்லாமல் சிப்ஸ் பொரித்துப் போனேன்.
ருசியில்லை என்று அவர்கள் முகம் சுளிக்க,
அங்கிருந்து நான் தொடங்குவதாக ஏற்பாடு.
கெசியா பையிலிருந்து கெச்சப் எடுத்தாள்.
மூன்றே நிமிடத்தில் தட்டு காலி.
நெகட்டிவ். நல்ல பசி.

எரிகோவுக்கு மூன்று வாரம் அட்டைப்பெட்டி சேர்த்தோம்,
டயப்பர் பெட்டி, லபான் பெட்டி,
அடிவாரத்துக்கு ஃபிரிட்ஜ் வந்த பெட்டி.
முதல் சுற்றிலேயே மேல்வரிசை சரிந்தது,
ஏ.சி. காற்று.
'நாங்க இன்னும் கத்தவே இல்லியே மிஸ்'
என்று அழுதேவிட்டான் யாபேஸ்.
ஸ்விட்சை அணைத்து மறுபடி அடுக்கினோம்,
ஜூன் மாதத்தில்.
ஏழாம் சுற்றில் எல்லாரும் மூச்சை இழுத்த நேரம்
கதவு தட்டப்பட்டது. எட்டாம் அறையில் திருவிருந்து.
என்ன செய்ய?
வாயை மட்டும் திறங்கள் என்றேன்.
பதினாறு வாய்கள்,
நரம்பு புடைத்த பதினாறு சிறு கழுத்துகள்,
ஒரு பொட்டுச் சத்தமில்லை.
மதில் விழுந்தது.
யார் கால் பட்டது என்று நான் கேட்கவில்லை.
பாசிட்டிவ். மறுபரிசோதனை தேவையில்லை.

ஆட்டுக்குத்தான் இன்னும் முடிவு எழுதவில்லை.
பஞ்சு ஒட்டிய ஆடுகள், ஆளுக்கொன்று, பெயரோடு.
ஒன்றை கீபோர்டு உறைக்குள் ஒளித்துவிட்டு
அவரவர் ஆட்டை எடுங்கள் என்றேன்.
தேடப்போகிறார்கள் என்று பார்த்தால்
மேசையில் ஒன்று மிச்சம் நின்றது.
பெனிட்டோ.
பழைய பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எழுதிய
என் தவறு.
'அவன் காணாமப் போகல மிஸ், விசா கேன்சல்'
என்றாள் கெசியா, ஆபீஸ்காரி மாதிரி.
ஒளித்த ஆட்டை யாரும் தேடவில்லை.
ஆடில்லாதவள்கூட.

உண்மைதான். இந்த ஊரில்
யாரும் வழி தப்பிப் போவதில்லை.
தாளில் முத்திரை, முப்பது கிலோ, இரவு விமானம்.
எந்த மலையில் ஏறித் தேடுவான் மேய்ப்பன்?
இருபது நிமிடம் மீதி இருந்தது,
சொல்ல ஒன்றும் மீதி இல்லை.
போனை எடுத்து ஆட்டின் பக்கத்தில் வைத்தேன்,
எந்த வீட்டுச் சோதனையும் இல்லாமல்.
பதினைந்து பேரும் அதற்குள் பேசினார்கள்.
ஒருத்தி எடுத்த ஷார்ப்னருக்கு மன்னிப்புக் கேட்டாள்.
யாபேஸ் சொன்னதெல்லாம் ஷவர்மாவைப் பற்றி.

ஞாயிறு எங்களுக்கு வேலைநாள்.
ரத்தக் குழாய்கள் சுழன்றுகொண்டிருந்தபோது
தூத்துக்குடியிலிருந்து பதினோரு விநாடி:
பஸ் ஹாரன் ஒன்று,
பிறகு ரகசியம் போல,
'மிஸ், இங்க சண்டே கிளாஸ்
சண்டேலயே நடக்குது.'

இயந்திரம் நின்ற பிறகும் குழாய்களை எடுக்கவில்லை.
நோட்டில் தேதி போட்டேன். மாதிரி: ஒன்று.
முடிவுக்கான கட்டத்தில்
அடுத்த வெள்ளிக்கு வேண்டியதை எழுதிவைத்தேன்:
பஞ்சு, பசை,
பழைய பதிவேடு.